கலியாண எழுத்துக்குப் போன வான்

என் வானின் பின்கதவில், நம்பர் பிளேட்டுக்கு இடப்பக்கமாக, பல வருடங்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெள்ளை நீள்வட்டம், அதன் நடுவில் சி.டி.என். என்று மூன்று கறுப்பு எழுத்துகள். கனடா என்று அர்த்தம். வெளிநாட்டுத் தெருவில் ஓடும் கார் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று காட்டுவதற்கான அடையாளம் அது. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை. இங்கிருந்து காரில் போகக்கூடிய வெளிநாடு ஒன்றுதான் இருக்கிறது, அந்த நாட்டுப் பொலிசுக்கு ஒன்ராறியோ நம்பர் பிளேட்டே போதும். ஸ்காபறோவில் கார் சாமான் விற்கும் கடை ஒன்றில் மூலையில் கிடந்ததை நான் எடுத்து வந்தபோது, "உது என்னத்துக்கு?" என்று கணவர் கேட்டார். "வடிவாயிருக்கு" என்றேன்.

வடிவு மட்டும் காரணமில்லை. கனடாவுக்கு வருவதற்கு முன் நாங்கள் ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த ஊர் எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. முகாமின் பின்பக்கம், நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நிறுத்தி இளைப்பாறும் ஓர் இடம் இருந்தது. நான் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று அங்கே வந்து நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு காரின் பின்னாலும் ஒரு நீள்வட்டம். டி என்றால் ஜெர்மனி. எஃப் என்றால் பிரான்ஸ். என்.எல். ஒல்லாந்து. சி.எச். என்பதைச் சீனா என்று நினைத்து, சீனாவிலிருந்து இவ்வளவு கார் எந்த வழியால் வருகிறது என்று கனகாலம் யோசித்தேன். பிறகு யாரோ விட்டுப் போன பழைய வீதிப்படப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் எல்லா நாட்டு எழுத்துகளும் இருந்தன. சி.எச். சுவிஸ். எங்கள் நாட்டுக்கு சி.எல். சிலோன் என்ற பெயரே போய்விட்டது, அந்த எழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சி.எல். ஒட்டிய காரை நான் இன்றுவரை எங்கேயும் கண்டதில்லை.

கார் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த ஜன்னலில்தான் பிடித்தது. ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியேறிய முதல் வருடமே லைசென்ஸ் எடுத்தேன். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் அதுதான் என் வேலை.

அந்தக் கட்டடத்தில் எங்கள் மாடியிலேயே, லிஃப்டுக்கு மற்றப் பக்கத்தில், அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கு ஒரே மகன், எங்களுக்கு ஒரே மகள். அவர் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர வேலை செய்தார். நான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் அவருடைய மகனையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். அவன் எங்கள் மேசையில் சாப்பிட்டு, எங்கள் சோபாவில் நித்திரையாகி வளர்ந்தவன். என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான்.

பழகத் தொடங்கிய முதல் கிழமையில், உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து அக்கா கேட்டார். "ஊரில எந்தப் பக்கம்?"

எங்கள் ஆட்களுக்குள் இந்தக் கேள்வியின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஊரின் பெயரைச் சொன்னால் போதாது, கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, யாருடைய வளவுக்குக் கிட்ட என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கேட்டு முடியும்போது சாதி தெரிந்துவிடும். நான் ஒளிக்கவில்லை. ஊரையும் ஒழுங்கையையும் சொன்னேன். அக்கா உலர்த்தியில் இருந்து ஒரு போர்வையை இழுத்து எடுத்து, அதை மடித்து முடித்தார். பிறகு, "உந்த மெஷின் சில்லறையை விழுங்குது, மற்றதில போடும்" என்றார். அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். நான் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் அந்தச் சொல் வந்ததேயில்லை.

அக்காவுக்குக் கார் ஓட்டப் பயம். கடைக்கு, கோயிலுக்கு, டொக்டரிடம் என்று அவரை நான்தான் கொண்டுபோவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு நாங்கள் இருவர் மட்டும், பிள்ளைகளை அவரவர் தகப்பன்மாரிடம் விட்டுவிட்டு, லண்டனுக்குப் போனோம். அங்கே அக்காவின் தம்பி இருந்தார். அவருடைய வீட்டில் இடம் காணாது என்று, எனக்குத் தெரிந்த வேறொரு குடும்பத்துடன் நான் தங்கினேன். தம்பி தன் பழைய காரைத் தந்தார். அதில் பாரிசுக்குப் போய்வருவதென்று முடிவு செய்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய துணிச்சல் அதுதான்.

கப்பல் ஏறும் இடத்தில் ஒரு கடையில் ஜி.பி. ஸ்டிக்கர் வாங்கினோம். பிரிட்டன் கார் அது இல்லாமல் பிரான்சில் ஓடினால் பொலிஸ் மறிக்கும் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். முன்விளக்குகளில் வெளிச்சத்தைத் திருப்புவதற்கு ஒட்டும் கறுப்புத் துண்டுகளும் வாங்கினோம். காரின் பின்னால் குந்தியிருந்து, தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அக்காதான் நீள்வட்டத்தை ஒட்டினார். "இலங்கையில பிறந்து, கனடாப் பாஸ்போட்டோட, பிரிட்டன்காரர் எண்டு பிரான்சுக்குப் போறம்" என்று சிரித்தார். கப்பல் புறப்பட்ட பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிரான்சில் இறங்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டியரிங் வலப்பக்கம், தெருவிலும் வலப்பக்கமாக ஓட வேண்டும். முன்னால் ஒரு லொறி போனால் எனக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. இடப்பக்கம் இருந்த அக்காவுக்குத்தான் தெரியும். கார் ஓட்டத் தெரியாத அவர் தலையை நீட்டிப் பார்த்து, "பொறும், பொறும்... இப்ப போம்" என்பார். நான் அந்தச் சொல்லை நம்பி லொறியை முந்துவேன். பாரிசுவரை அப்படித்தான் போனோம். ஒரு தடவைகூட அவர் பிழையாகச் சொல்லவில்லை.

கனடாவுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளில்தான் நான் அந்த சி.டி.என். ஸ்டிக்கரைக் கண்டு வாங்கினேன். கார் மாற மாற, புதுக் காருக்குப் புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். கடைசியாக வாங்கியது ஏழு பேர் இருக்கக்கூடிய சாம்பல் நிற வான். எங்கள் ஆட்களின் கடைகளிலும் கோயில் தரிப்பிடத்திலும் அதே நிறத்தில் எத்தனையோ வான்கள் நிற்கும். என்னுடையதை எல்லோருக்கும் அந்த நீள்வட்டத்தால்தான் தெரியும். "நேற்று உங்கட வானைக் கண்டனாங்கள்" என்று முன்பின் பழகாதவர்கள்கூடச் சொல்வார்கள்.

இதற்கிடையில் இரண்டு குடும்பமும் மாடிக் கட்டடத்தை விட்டு, வெக்ஸ்போர்ட்டிலேயே இரண்டு தெரு இடைவெளியில் வீடு வாங்கிவிட்டோம். பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். மகள் கல்கரியில். அக்காவின் மகன் வான்கூவரில். அவன் கூடப் படித்த பெண்ணை விரும்புகிறான் என்பது எனக்கு அக்காவுக்கு முதலே தெரியும். என்னிடம்தான் முதலில் சொன்னான். பெண் நியூ ஜெர்சி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அக்காவுக்கும் சந்தோஷம். "எல்லாம் பொருந்தி வந்திட்டுது" என்றார். என்ன பொருந்தியது என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் பக்கத்து நாட்டுத் தலைமை கனடாவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது பற்றிப் பேசத் தொடங்கியபோது, இங்கே பலரைப் போல நானும், இனி அந்தப் பக்கம் காரைத் திருப்புவதில்லை என்று சொல்லிவிட்டேன். பஸ் ஓட்டுநர்களின் அறையிலும் அதே பேச்சுத்தான். அப்போதுதான் ஒரு பின்னேரம் அக்கா வந்தார். குசினி மேசையில் இருந்து, கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"பிள்ளை, ஒரு உதவி. நியூ ஜெர்சியில என்ர மச்சாள் ஆஸ்பத்திரியில. கடுமையாம். நாங்களும் ரெக்ஸ்டேலில இருக்கிற என்ர அண்ணை குடும்பமும் ஒண்டாப் போய்ப் பாத்திட்டு வருவம் எண்டு. ஏழு பேர். உம்மட வான் தருவீரா?"

"இதுக்கென்ன அக்கா. நானே கொண்டுபோய் விடுறன். லீவு எடுக்கலாம்."

"சீச்சீ, வேண்டாம். நீர்தான் அங்கால போறதில்லை எண்டு சொன்னனீர். அண்ணை ஓடுவார்."

"வருத்தக்காரரைப் பாக்கப் போறதுக்கு அதெல்லாம் பாக்கிறதே."

"இல்லைப் பிள்ளை. அண்ணை ஓடட்டும்." பிறகு கதவுப் பக்கம் பார்த்தபடி சொன்னார். "இன்னொண்டு. உந்த ஸ்டிக்கர். இப்ப போடரில சும்மா சும்மா மறிக்கிறாங்களாம். உதைக் கண்டிட்டு, கொடி பிடிச்சுக்கொண்டு வாறாங்கள் எண்டு நினைப்பாங்கள். கழட்டினா நல்லம்."

எனக்கு அது கொஞ்சம் கூடிய பயமாகப் பட்டது. ஆனால் அந்த நாட்களில் எல்லோருமே எல்லையைப் பற்றி ஏதோ ஒரு கதை வைத்திருந்தார்கள். நான் தலைமயிர் உலர்த்தும் மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சூடு காட்டினால் பசை இளகும். அக்கா வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். "மெல்ல. பெயின்ற் போயிடும்" என்றார். ஸ்டிக்கர் இரண்டு துண்டாகக் கிழிந்துதான் வந்தது. ஒட்டியிருந்த இடத்தில் சாம்பல் நிறம் புதிதாகத் தெரிந்தது. அக்கா என் தோளைத் தடவிவிட்டு, வானின் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்.

நாலைந்து நாளில் வான் திரும்பி வந்தது. கழுவி, உள்ளே தூசி இழுத்து, பெற்றோலும் நிரப்பியிருந்தார்கள். அவ்வளவு துப்புரவாக நானே அதை வைத்திருந்ததில்லை. மச்சாள் எப்படி என்று கேட்டேன். "இப்ப பரவாயில்லை, ஆஸ்பத்திரியால வீட்டுக்கு அனுப்பிட்டினம்" என்றார். ஒரு பெட்டி நிறையப் பலகாரமும் தந்தார். பயித்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு.

"வருத்தக்கார வீட்டில ஆர் அக்கா உவ்வளவு பலகாரம் சுட்டது?"

"மச்சாளின்ர தங்கச்சி. அவவுக்கு உதுதான் வேலை."

நானும் கணவரும் ஒரு கிழமையாக அதைத் தேத்தண்ணியுடன் சாப்பிட்டோம். அரியதரம் நன்றாயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வான்கூவரிலிருந்து ஃபோன் எடுத்தான்.

"சின்னம்மா, ஹவ் ஆர் யூ ஃபீலிங் நவ்? காய்ச்சல் விட்டிட்டுதா?"

"எனக்கு என்ன காய்ச்சல்?"

"அம்மா சொன்னவ, உங்களுக்குக் கடும் காய்ச்சல், அதால வர ஏலாமப் போச்சு எண்டு. ஐ வாஸ் ஸோ சாட். ஹோலுக்கு வெளியில உங்கட வானை, நம்பர் பிளேட்டால கண்டுபிடிச்சு, சின்னம்மா எப்பிடியோ வந்திட்டா எண்டு ஓடி வந்தன். பாத்தா பெரியமாமா இறங்கிறார். ஸ்டிக்கரையும் காணேல்லை. அது எங்க?"

"என்ன மண்டபம்?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவனே சொல்லிக்கொண்டு போனான். எழுத்து நல்லபடியாக நடந்ததாம். அவசரமாக நாள் குறித்ததால் இங்கே எல்லோருக்கும் சொல்வதை அம்மாவிடமே விட்டிருந்தானாம். எங்கள் ஆட்கள் கலியாணப் பதிவை எழுத்து என்றுதான் சொல்வார்கள். இரு பகுதியும் சபையில் கூடியிருந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைப்பது. அவள் சிவப்புச் சேலை உடுத்தாளாம். அவன் படித்து முடித்தபோது நான் வாங்கிக் கொடுத்த பேனையால்தான் கையெழுத்துப் போட்டானாம்.

"சின்னம்மா, ஆர் யூ தெயர்?"

"இருக்கிறன் அப்பன். இப்ப சுகம். காய்ச்சல் விட்டிட்டுது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுடைய சந்தோஷத்தில் கை வைக்க மனம் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஃபோனை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு தெருவையும் நடந்து போனேன்.

அக்கா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் இருக்கவில்லை.

"அக்கா, எனக்குக் காய்ச்சலாமே."

அவருடைய கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. "ஆர் சொன்னது?"

"உங்கட மகன் இப்ப எடுத்தவன்."

"இரும் பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி வேண்டாம். மச்சாள் எந்த ஆஸ்பத்திரியில இருந்தவ?"

அவர் கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாகக் கூட்டினார். கதைக்கத் தொடங்கியபோது குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"பொம்பிளையின்ர தாய்மாமன் உங்கட ஊர். எழுத்துக்கு ஆர் ஆர் வருவினம் எண்டு ஃபோன் எடுத்து ஒவ்வொருத்தராக் கேட்டவர். நான் உம்மைத்தான் முதல் சொன்னனான். எந்த ஒழுங்கை எண்டு கேட்டார். சொன்னன். சபையில இருக்கிற விசயம், இப்ப வேண்டாம், பிறகு பாப்பம் எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? பெடியன்ர வாழ்க்கை."

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம். ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப என்ர வான்?"

"ஏழு பேர் பிள்ளை. வாடகை வானை அங்கால கொண்டுபோக விடேல்லை."

"ஸ்டிக்கர்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "அந்த மாமன் போன வருசம் இங்க திருவிழாவுக்கு வந்தவர். கோயில் வாசலில உம்மட வானைக் கண்டு, இது ஆரின்ர வான் எண்டு விசாரிச்சவராம். ஆரோ சொல்லியிருக்கினம்."

எல்லைக்காவலருக்குப் பயந்து அல்ல. என் பெயரை மறைக்கத்தான் என்னையே கொண்டு அதைக் கிழிப்பித்திருக்கிறார். வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றபோது அவருக்கு அது தெரியும். என் தோளைத் தடவியபோதும் தெரியும்.

"நான் உம்மை ஒருநாளும் அப்பிடிப் பாக்கேல்லை" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "கலியாணத்துக்கு நீர் கட்டாயம் வரவேணும். இங்கதான், பெரிய மண்டபம், ஐந்நூறு சனம். ஆரும் உம்மைப் பாத்துக்கொண்டு நிக்க மாட்டினம். அப்பிடி ஆரும் கேட்டா, மட்டக்களப்பு எண்டு சொல்லும். அங்கத்தை ஒழுங்கையள் இவைக்குத் தெரியாது, அதுக்குமேல ஒருத்தரும் தோண்ட மாட்டினம்."

அவர் இதை என்மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பல நாள் யோசித்துக் கண்டுபிடித்த வழி என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மட்டக்களப்புத் தமிழ் எனக்கு வராது அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. பலகாரப் பெட்டியில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக் குப்பையில் கொட்டினார். பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்தார். பிறகு கேட்டார். "அவையின்ர புதுவீட்டுக் குடிபூரலுக்கு எங்களை எப்ப கூப்பிட்டவை, ஞாபகமிருக்கோ?"

ஞாபகம் இருந்தது. அடுத்த நாள். "இண்டைக்கு ஆக்கள் கூட, நீங்கள் நாளைக்கு ஆறுதலா வாங்கோ" என்று அக்கா சொன்னார். பஸ் வேலையால் களைத்து வருகிறவள் என்று எனக்காகச் செய்தது என நினைத்தேன். அவருடைய தாய் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாடு எங்கள் வீட்டுக்குப் பார்சலில் வந்தது. அதுவும் கரிசனை என்று நினைத்தேன். லண்டனில் தம்பி வீட்டில் இடம் காணாமல் போனதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அது மேலே மூன்று அறை உள்ள வீடு. தம்பியும் மனைவியும் மட்டும்தான் இருந்தார்கள். காரை எடுக்கப் போனபோது வாசலில் வைத்துத்தான் திறப்பைத் தந்தார்.

இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. கிழமைக் கணக்காக வந்தது. பஸ் ஓட்டும்போது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது, ஏதாவது ஒரு பழைய நாள் நினைவுக்கு வரும். அதை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நல்ல நாள் என்று வைத்திருந்தவைகூடக் கைக்குள் மாறிப் போயின. ஒரு கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டதை நான் எப்படியும் தாங்கியிருப்பேன். இது முப்பது வருடத்துக்குப் பின்னால் போய், ஒவ்வொரு நாளாகத் தொட்டு அழுக்காக்கியது.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகன் வந்தான். அழைப்பிதழை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, குங்குமமும் எடுத்துக்கொண்டு, முறைப்படி வந்தான். சோறும் மீன் குழம்பும் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும், "நான் வரேல்லை அப்பன்" என்றேன்.

"ஏன்?"

"உன்ர அம்மாட்டக் கேள். நான் சொல்லி நீ கேக்கிறது சரியில்லை."

அவன் அப்படியே எழும்பிப் போனான். பின்னேரம் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் வராமல் காருக்குள்ளேயே இருந்தான். நான் போய்க் கண்ணாடியில் தட்டினேன். கதவைத் திறந்தான். பக்கத்து சீட்டில் ஏறி இருந்தேன். அழுதிருந்தான்.

"ஐ டிட்ன்ட் நோ, சின்னம்மா. ஐ ஸ்வேர்."

"தெரியும்."

"நான் பொம்பிளை வீட்டாரோட கதைக்கிறன். அவளுக்கும் இது தெரியாது, தெரிஞ்சா சரியான கோபப்படுவாள்." அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருவைப் பார்த்தான். "பட்... கலியாணம் முடியக் கதைக்கிறன். இப்ப கதைச்சா எல்லாம் குழம்பிடும். ஜஸ்ற் திஸ் வன் டே, சின்னம்மா. அதுக்குப் பிறகு எல்லாருக்கும் சொல்லுவன், இவ என்ர அம்மா மாதிரி எண்டு."

நான் அவனிடம் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தேன். என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கலியாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு ஃபோன் எடுத்து, "சின்னம்மா இல்லாமல் நான் மணவறையில் இருக்க மாட்டன்" என்று அந்த மாமனிடம் சொல்வான் என்று நினைத்திருக்கிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்கள் மகளின் தொப்பியைப் பறித்த பெரிய பெடியனிடம் தனியாகப் போய் வாங்கி வந்தவன் அவன். தாய் பேசாமல் இருந்த அதே இடத்தில் அவனும் பேசாமல் இருக்கப் போகிறான். அவனுக்கு அது தெரியவில்லை. தாயைவிட நல்லவன், அதனால் பிறகு பேசுவதாகச் சொன்னான்.

"சரி அப்பன். கவனமா ஓடு" என்று சொல்லி இறங்கினேன்.

கலியாணம் ஒரு சனிக்கிழமை. காலையில் கணவர், "வெளிக்கிடும், எங்கையாவது போவம்" என்றார். ஒஷாவாவில் ஏரிக்கரைக்குப் போனோம். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வானைத் தண்ணீரைப் பார்க்க நிறுத்திவிட்டு, பின்கதவைத் தூக்கி, அதன் கீழே இருந்து சாப்பிட்டோம். பின்கதவில் ஸ்டிக்கர் இருந்த இடம் இன்னும் வெளிறாமல் இருந்தது. புதியது ஒன்று வாங்கலாம் என்று கணவர் ஒரு தடவை சொல்லியிருந்தார். எனக்கு அதில் மனம் போகவில்லை. இப்போதும் போகவில்லை.

மத்தியானம் போல ஃபோனில் படங்கள் வரத் தொடங்கின. கோயிலில் பழக்கமான ஒருவர், நான் மண்டபத்தில் எங்கோ இருக்கிறேன் என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். தலைப்பாகையுடன் அவன். சிவப்புக் கூறையில் அவள், வடிவான பிள்ளை. பாதபூசைக்குத் தாயும் தகப்பனும் இருந்தார்கள். அக்கா கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் உடுத்திருந்தார். அந்தச் சேலையை நாங்கள் இருவரும் ஒன்றாகப் போய்த்தான் எடுத்தோம். அவருக்கு அந்த நிறம் வேண்டாம் என்றிருந்தது, நான்தான் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு படமாக எல்லாவற்றையும் பார்த்தேன். கணவர் ஃபோனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாங்கள் கனநேரம் அங்கேயே இருந்தோம்.

அவன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுக்கிறான். மனைவியும் கதைப்பாள். நல்ல பிள்ளை. கலியாணத்துக்குப் பிறகு தாய்மாமனுடன் பெரிய சண்டை பிடித்ததாகச் சொன்னாள். சண்டை பிடித்தது எனக்கு ஆறுதல்தான். ஆனால் நான் அவனுக்குச் சொல்கிற கதைகள் குறைந்துவிட்டன. காலநிலை, சாப்பாடு, மகளின் வேலை. தாயைப் பற்றி அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

அக்கா இரண்டு தடவை வீட்டு வாசலுக்கு வந்தார். முதல் தடவை நான் வேலையில். இரண்டாவது தடவை நான் வீட்டில்தான் இருந்தேன். கணவர் போய்க் கதவைத் திறந்து, "அவ படுத்திருக்கிறா" என்றார். அது பொய் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக அவரைக் கண்டது இந்த மாரியில். பின்னேரப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டு, வானில் வந்துகொண்டிருந்தேன். பனியும் மழையும் கலந்து கொட்டியது. தமிழ்க்கடைக்கு எதிரே பஸ் தரிப்பிடத்தில், கூரைக்குக் கீழே இடம் இல்லாமல், இரண்டு கையிலும் சாமான் பைகளோடு அக்கா நின்றார். சிவப்பு விளக்கு விழுந்தது. நான் அவருக்கு நேரே நிற்கவேண்டி வந்தது. ஒரு கார் அகலம்தான் இடையில். அவர் என்னைக் கண்டார். வலது கைப் பையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். நான் கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. விளக்கு பச்சையானதும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் வானை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்க முடியவில்லை. கணவர் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டுக் குடையோடு வெளியே வந்தார். என்ன என்று கேட்டார். தமிழ்க்கடை பஸ் தரிப்பிடத்தில் அக்கா மழைக்குள் நிற்கிறார் என்றேன். "நான் போய் ஏத்திக்கொண்டுவந்து அவையின்ர வீட்டில விடட்டோ?" என்று கேட்டார்.

திறப்பைக் கொடுத்தேன். வான் தெருமுனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே போனேன்.